தப்பு, திரும்ப

1975, ஜனவரி 6

கிழங்கு உரித்தேன். விறகு பிளந்தேன். ஒதீலின் மெல்லோட்ரானைத் திறந்து உள்ளே தூசி துடைத்தேன். பார்க்க ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும் பெட்டி அது. ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் யாரோ எப்போதோ வாசித்துவைத்த வயலின் கேட்கும். விரலை எடுத்தால் நாடா பின்னுக்கு ஓடிவிடும். ஈரம் பட்டால் அழும். இந்தப் பண்ணைவீட்டில் ஈரம் படாத பொருள் கிடையாது, என்னையும் சேர்த்து.

புது வருடத்திலிருந்து தினமும் எழுதுவதாக முடிவு. தமிழில்தான். இந்தப் பிரெஞ்சுக் காட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பேசுவதையும் நம்மூர்ப் பேச்சாகவே எழுதிக்கொள்கிறேன். எத்தியேன் பாண்டிச்சேரித் தமிழில் கோபப்படுகிறான் என்று நினைத்தால் சிரிப்பாவது வருகிறது.

ஜனவரி 7

எங்கள் குழுவின் பெயர் மர்த்தன் பெஷேர். நம்மூர் மீன்கொத்திதான். எத்தியேன் கிதார் வாசிப்பான்; பாட்டெல்லாம் அவன் கட்டுவது. வீடு அவன் மாமாவுடையது. ழில்பேர் பேஸ் கிதார், ஒதீல் ஓர்கன். எனக்கு டிரம்ஸ், அதோடு பாதிப் பாட்டு. என் முழுப்பெயர் இவர்கள் நாக்குக்கு நீளம், அதனால் ‘லோ’. லோ என்றால் பிரெஞ்சில் தண்ணீர். மேடையில் நாலு பேரும் அட்டையில் செய்த நீல அலகு முகமூடி மாட்டிக்கொள்வோம். மற்ற மூவருக்கும் அது கலை. எனக்கு அது முகமூடி.

முதல் இசைத்தட்டு போன வருடம் வந்தது. லிமோழ் நகரத்தில் ஒரு கடைக்காரர் உறையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அதைப் ‘பறவைச் சத்தங்கள்’ வரிசையில் அடுக்கிவிட்டார். வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். மிச்சமெல்லாம் பரணில் பெட்டிபெட்டியாகக் கிடக்கிறது. அதன்மேல் மெத்தை போட்டுத்தான் தூங்குகிறேன். தூங்குமுன் ஒரே வேண்டுதல்: ஆண்டவரே, இது விற்க வேண்டாம். பெயர் வந்தால் போட்டோ வரும், போட்டோ வந்தால் பட்டாளம் வரும். மூன்று பேர் புகழுக்காக ஏங்கும் வீட்டில் நாலாவது ஆள் அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு எதிர்ஜெபம் செய்கிறான். கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்கிறேன்.

ஜனவரி 9

பட்டாளத்தை விட்டு ஓடியவன் என்று என்னைச் சொல்வது சரியில்லை. நான் ரயிலைத் தவறவிட்டவன்.

அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு, சார்ஜண்டாக ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் பிள்ளை பிரான்சுக்கு வந்து ஒரு வருடம் கட்டாயப் பட்டாளம் செய்தாக வேண்டும். வந்தேன். போன வருடத்துக்கு முந்திய வருடம் இலை உதிரும் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வெளியே விட்டார்கள். பக்கத்து ஊர் சினிமாக் கொட்டகையில் மர்த்தன் பெஷேர் கச்சேரி. கடைசிப் பாட்டு மட்டும் இருபத்து மூன்று நிமிடம். அது முடிவதற்குள் கடைசி ரயில் போய்விட்டது. மறுநாள் போயிருக்கலாம், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மறுநாள் பயம் வந்துவிட்டது. இவர்களுடைய டிரம்மர் அன்றைக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தான்; அவன் முக்காலியில் நான் உட்கார்ந்தேன்.

மாதாகோயில் தேர்ப்பவனியில் அடித்த கை என்னுடையது. பட்டாளத்திலும் ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு. இங்கே ஏழு எண்ணிக்கை. ஏழில் நடக்கச் சொன்னால் எந்தப் பட்டாளமும் குப்புற விழும். அதனாலேயே எனக்கு ஏழு பிடித்துப்போயிற்று.

ஜனவரி 14

ஊரில் பொங்கல். இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ழில்பேர் என்னைத் திட்டினான், ஒதீல் துடைத்தாள்.

ஜனவரி 18

புது இசைத்தட்டுக்கான பாட்டு இருபத்து நாலு நிமிடம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் முழுக்க அதுவே. எத்தியேனுக்கு மூன்றாம் பாகத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பிரெஞ்சு வேண்டாம், இங்கிலீஷ் அசிங்கம், எந்த ஊர் பாஷையாகவும் இருக்கக் கூடாதாம்.

ஒத்திகையில் யாராவது தாளம் விட்டால் நான் என்னை அறியாமல் கத்துவேன்: “தப்பு! திரும்ப!” பிழை, மறுபடி ஆரம்பி என்று அர்த்தம். ஒத்திகையைப் பதிவு செய்த நாடாவில் இது பத்திடத்திலாவது இருக்கும். இன்று எத்தியேன் நாடாவைப் போட்டுக் கேட்டவன் திடீரென்று எழுந்து நின்றுவிட்டான்.

“இதான். இதான் அந்த வார்த்தை.”

“எது?”

“நீ கத்துறியே. அர்த்தம் சொல்லிடாத. சொன்னா செத்துடும்.”

அர்த்தம் சொல்லவில்லை. மதியம் முழுக்க நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ நட்சத்திரத்திலிருந்து இறங்கியவர்கள் போல, “தப்பூ… திரும்பூ…” என்று பாடினோம். மெட்டுக்கு இடம் போதாமல் எத்தியேன் கடைசியில் ஒரு ஊகாரத்தை நீட்டிவிட்டான். அதில் அர்த்தமே புரண்டுவிட்டது. தப்பு, ஓடிப்போ. திரும்பு, வந்துவிடு. இரண்டையும் ஒரே மூச்சில் ஒருவனிடம் சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

ஒதீல் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 23

முசியே லக்ருவா மறுபடி வந்திருந்தார். இந்தக் கிராமத்து ழந்தார்ம். போலீஸ் வேலை பார்த்தாலும் பட்டாளத்தைச் சேர்ந்த ஆள். என்னைப் போன்றவர்களைப் பிடித்துக்கொடுப்பது அவர் பொறுப்பு. சைக்கிளைப் படலில் சாய்த்துவிட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றாராம். ஒதீல் சன்னல் வழியாகப் பார்த்துச் சைகை காட்டினாள். நான் பாட்டின் நடுவில் குச்சிகளைப் போட்டுவிட்டு நிலவறைக்குள் இறங்கினேன். டிரம்ஸ் நின்றதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அவரும் போய்விட்டாராம்.

மோப்பம் பிடிக்கிறார். நின்று நிதானமாக மோப்பம் பிடிக்கிறார்.

நிலவறையில் கிழங்குகள் முளைவிட்டிருக்கின்றன. வெளிச்சம் வரும் ஓட்டைப் பக்கமாக வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டு. பார்க்கப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒடித்துப் போட்டேன்.

ஜனவரி 30

ஒதீலும் நானும் முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தோம். முற்றத்துக் கிணறுவரைதான் எனக்கு எல்லை. அதற்கப்பால் தெரியும் சாலையை இவ்வளவு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன், நடந்ததில்லை. வேனில் போகும்போதும் பின்னால் சாக்குப் போட்டு மூடிக்கொண்டுதான்.

“லோ, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்காத” என்றாள். “அன்னைக்குக் கச்சேரி முடிஞ்சு நாங்க சாமான் ஏத்திட்டு ஸ்டேஷன் எதிர்ல காபி குடிச்சிட்டு இருந்தோம். அதுக்கப்புறம்தான் உன் ரயில் வந்துச்சு. நீ பிளாட்பாரத்துல நின்னுட்டிருந்த. கதவு தொறந்தே இருந்துச்சு.”

ஸ்டேஷன் கடிகாரம் ஓடாமல் இருந்திருக்கும் என்றேன்.

“அங்க உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க? பட்டாளத்துல?”

கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. லோ பரவாயில்லை, தண்ணீர்தானே. அங்கே தினமும் காலையில் அணிவகுப்பில் பெயர் கூப்பிடும்போது சார்ஜண்ட் என்னைக் கூப்பிட்ட பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். அதற்கு நான் “இருக்கிறேன்” என்று பதில் சொல்ல வேண்டும். சத்தமாக.

பிப்ரவரி 8

எத்தியேன் தபால் பெட்டியிலிருந்து ஓடி வந்தான், பனியில் ஒரு செருப்பை விட்டுவிட்டு. டெலிவிஷனில் கூப்பிட்டிருக்கிறார்களாம். புதுக் குழுக்களுக்கான நிகழ்ச்சி, நாடு முழுக்கத் தெரியுமாம். ழில்பேர் அழுதுவிட்டான். ஒதீல் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கத்தினேன், குதித்தேன். பிறகு கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகமூடி இருக்கிறது. அதுவரை பயமில்லை.

பிப்ரவரி 11

முகமூடி கூடாது என்று டெலிவிஷன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஜனங்களுக்கு முகம் வேண்டுமாம்.

சாப்பாட்டு மேசையில் கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் எத்தியேன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “உன்னை வற்புறுத்த மாட்டேன் லோ. லிமோழ்ல ஒரு டிரம்மர் இருக்கான். அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவனை வெச்சுக்கலாம்.”

“நல்ல யோசனை” என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான். நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 13

நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 15

அந்த டிரம்மர் வந்தான். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியாள் என்பதால் நான் நிலவறையில். என் தலைக்கு மேல் பலகை. பலகைக்கு மேல் என்னுடைய டிரம்ஸ். அதன்முன் என்னுடைய முக்காலியில் அவன். எல்லாம் கேட்டது. ஏழு எண்ணிக்கையைத் தையல் மிஷின் போல ஓட்டினான். ஒரு இடத்தில்கூட விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன?

அதையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் பாகம் வந்தது. அவன் பாடினான்: “தாபு… திரிம்பா…”

எத்தியேன் திருத்தவில்லை. அவனுக்கு அது சத்தம்தானே, எந்தச் சத்தமாக இருந்தால் என்ன? “பிரமாதம்” என்றுகூடச் சொன்னான். மறுபடி தாபு, மறுபடி திரிம்பா. என் வாயிலிருந்து விழுந்த இரண்டே இரண்டு வார்த்தை, அதையும் ஒருத்தன் என் தலைமேல் உட்கார்ந்து கொலை செய்துகொண்டிருந்தான். எப்படி ஏணியில் ஏறினேன் என்று தெரியவில்லை. கையில் ஒரு கிழங்கு இருந்தது.

“அப்படி இல்ல” என்றேன். “த-ப்-பு. உதடு ஒட்டணும்.”

அவன் என்னைப் பார்த்தான், கிழங்கைப் பார்த்தான். “இவர் யாரு?”

எத்தியேன் ஒதீலைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்: “இந்தக் குழுவோட டிரம்மர்.”

பிப்ரவரி 16

ஒதீல் காலையிலிருந்து சண்டை போடுகிறாள், என்னோடும் எத்தியேனோடும்.

“அவன் ஆசைப்படறான்னு அவனை மாட்டிவிடப் பாக்கறியா?” என்று அவனிடம். “ஜெயிலுக்குப் போனா இந்தப் பாட்டு உனக்குக் கம்பி எண்ண உதவுமா?” என்று என்னிடம்.

எத்தியேன் கிதார் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, “நீயே வாசிக்கணும்னுதான் எனக்கு ஆசை. கேக்க வெக்கமா இருந்துச்சு” என்றான்.

டெலிவிஷனுக்கு நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். குழுவுக்காக என்றேன்.

பிப்ரவரி 26

பதிவு முடிந்தது. விளக்குச் சூட்டில் மாவு பூசிய முகம் உருகிச் சட்டையில் வடிந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் நேராகக் காற்றுப் பட, ஆட்கள் நேராகப் பார்க்க, வாய்விட்டுப் பாடினேன். பயமாக இருந்தது என்று எழுத வேண்டும். இல்லை. வெகுநாளைக்குப் பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டவன் போல இருந்தது. திரும்பி வரும்போது வேனில் சாக்கைப் போர்த்திக்கொண்டதும்தான் பயம் வந்தது.

இருபத்து நாலு நிமிடமும் வாசித்தோம். அவ்வளவும் போட மாட்டார்கள், வெட்டுவார்கள் என்கிறான் ழில்பேர். எதை வெட்டுவார்கள் என்று எத்தியேன் தூங்காமல் யோசிக்கிறான்.

மார்ச் 9

இன்று ஒளிபரப்பு. வீட்டில் டெலிவிஷன் இல்லை. மூவரும் கிராமத்துக் காபிக் கடைக்குப் போனார்கள். நான் கோழிகளை அடைத்துவிட்டு, வராத சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட வரவில்லையாம். அறிவிப்பாளர் குழுவின் பெயரைத் தப்பாகவும் ஊர்ப் பெயரைச் சரியாகவும் சொல்லி, மீன் பிடிப்பது பற்றி ஒரு ஜோக் அடித்தாராம். பிறகு மூன்றாம் பாகத்திலிருந்து ஒரு துண்டு. அதிலும் முழுக்க முழுக்க என் முகம். ஒதீலின் விரல்கள் ஒரு தடவை. எத்தியேனின் முழங்கை வந்ததாம்.

எத்தியேன் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருடம் அவன் கட்டிய பாட்டு. வெளியே தெரிந்தது ஒரு முழங்கை. என் எதிர்ஜெபம் பலித்துவிட்டது. அழகாகப் பலித்துவிட்டது: குழுவுக்குப் பெயரும் வரவில்லை, என் முகமும் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து, “நல்லா பாடியிருந்த” என்றான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

மார்ச் 10, காலை

முசியே லக்ருவா வந்தார். இந்த முறை படலைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்தார். நான் நிலவறைக்குள் இறங்கிவிட்டேன். மேலே ஒதீல் காபி வேண்டுமா என்று கேட்டாள். இங்கே நாங்கள் மூணே பேர்தான் என்று யாரும் கேட்காத கேள்விக்கு ழில்பேர் பதில் சொன்னான்.

“ஒண்ணரை வருஷமா நானும் மூணு பேருன்னுதான் எழுதி அனுப்பறேன்” என்றார் லக்ருவா. “மூணு பேர் வாசிக்கிற பாட்டா அது? எனக்குக் காது இல்லையா? ஆனா நான் கண்ணால பாக்கல. பாக்காததை எழுத முடியாதுல்ல?”

ஒதீல் காபி ஊற்றும் சத்தம் கேட்டது.

“நேத்து என் மாமியார் அவ்ளோ தூரம் நார்மாண்டியிலேருந்து போன் பண்றாங்க. ‘உங்க ஊர்ல ஒரு கறுப்புப் பையன் பறவை மாதிரி பாடுறானாமே, யாரு அது’ன்னு. அவங்களுக்கே தெரிஞ்சிடுச்சு. என் மேலதிகாரி வீட்டுலயும் டெலிவிஷன் இருக்கு. இனிமே நான் பாக்கலன்னு சொன்னா எனக்கு வேலை போயிடும்.”

நாற்காலி நகரும் சத்தம். அவர் எழுந்துவிட்டார். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, தரையைப் பார்த்துப் பேசுகிறவர் போலச் சொன்னார்:

“இன்னைக்குச் சைக்கிள்ல வந்திருக்கேன். மதியம் சாப்பிட்டுட்டு வண்டியோட வரேன். நான் மெதுவா சாப்பிடுறவன்.”

நான் மேலே வருவதற்குள் எத்தியேன் வேனைக் கிளப்பியிருந்தான். ஸ்பெயின் எல்லையில் ஒரு ஆளைத் தெரியுமாம். ஒதீல் என் சட்டைகளைப் பையில் திணிக்கிறாள். இதை எழுத உட்கார்ந்ததற்கு ழில்பேர் கத்துகிறான்.

ஸ்பெயினிலும் ஒரு நிலவறை இருக்கும். அதிலும் கிழங்கு இருக்கும். போக மாட்டேன்.

மார்ச் 10, மாலை

இது ழந்தார்ம் நிலையத்தில். பெல்ட்டையும் ஷூ கயிற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த நோட்டை லக்ருவா புரட்டிப் பார்த்துவிட்டு, “கொடி மாதிரி இருக்கே எழுத்து” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எத்தியேனிடம் வேனை அணைக்கச் சொன்னேன். சன்னல்களையெல்லாம் திறந்தோம். குளிர் மாடு மாதிரி உள்ளே வந்து நின்றது. முழுப் பாட்டையும் வாசிக்கலாம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நன்றாக வாசித்தோம் என்று சொல்ல முடியாது. மெல்லோட்ரான் ஈரத்தில் கால் சுருதி இறங்கியிருந்தது. ழில்பேர் அழுதுகொண்டே வாசித்ததில் இரண்டாம் பாகத்தில் ஒரு சுற்றையே விழுங்கிவிட்டான். யாரும் நிறுத்தவில்லை. வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் நிழல் விழுந்தது. நான் குச்சியைப் போடவில்லை. லக்ருவா உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் விறகின் மேல் உட்கார்ந்தார்.

மூன்றாம் பாகத்தின் முடிவில் ஓர்கன் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே எனக்கு வேலையில்லை. சும்மா இருக்க வேண்டும். இன்று சும்மா இருக்க முடியவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நேரமானால் வீட்டுக்குள்ளிருந்து தெருக்கோடிவரை கேட்கும்படி என்னைக் கூப்பிடுவார், ஒரு எழுத்துக்கூட விடாமல். அதை அப்படியே ஒதீலின் சுரங்களின்மேல் இழுத்துப் பாடினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, அவள் எனக்காகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தாள். எத்தியேன் என்னை வெறித்துப் பார்த்தான். அர்த்தம் கேட்கவில்லை.

முடிந்ததும் லக்ருவா எழுந்து கால்சட்டையில் ஒட்டிய விறகுத் தூளைத் தட்டிவிட்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, “போகலாமா?” என்றார். சாலையில் வண்டி போகும்போது சாக்கு இல்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். காபிக் கடை, கோயில், ரொட்டிக் கடை. ரொட்டிக் கடைக்காரம்மா கையாட்டினாள்.

இப்போது அவர் டைப்ரைட்டரில் தாளைச் செருகிவிட்டார். ஜெயிலா, மறுபடி பட்டாளமா என்று தனக்குத் தெரியாதென்றும், தானாக வந்தவன் என்று மட்டும் எழுதுவதாகவும் சொன்னார். பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு இன்று ஒரு கடிதம் போட வேண்டும்.

“பேரு?” என்றார்.

சொன்னேன். “அமலோற்பவநாதன்.”

அவர் விரல்கள் டைப்ரைட்டரின் மேலேயே நின்றுவிட்டன. எழுத்துக்கூட்டச் சொல்லப்போகிறார், இல்லையென்றால் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அணிவகுப்பில் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

“ஓர்கன் தனியா வர்ற இடத்துல பாடுனீங்களே, அதுவா?” என்றார். “அங்க எப்பவும் பாட்டு வராதே, இன்னைக்கு மட்டும் என்னன்னு யோசிச்சிட்டே வந்தேன்.”

ஆமாம் என்றேன்.

“அப்ப அதே மாதிரி இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவா” என்றார் முசியே லக்ருவா. “கேட்டு அடிச்சுக்கறேன்.”

பாடினேன்.